நூலும் நாரைக் காலும்

மருதங்குளத்துக் கரையில் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. அதன் வளை பள்ளத்தில் இருந்தது. மழைக்காலம் முழுவதும் வளைக்குள் தண்ணீர் நிற்கும். சிலுப்பன் வெளியே நடுங்கிக்கொண்டு நிற்கும்.

குளத்துக்குக் காவல் இருக்கும் விலங்குக்கு மேட்டிலுள்ள மருதமரப் பொந்து சொந்தம். அந்த வேலைக்கு ஆண்டுதோறும் ஆமையார் பரீட்சை வைப்பார். இரண்டு கதை சொல்வார். முதல் கதையில் உள்ள ஒன்றுக்கு இரண்டாம் கதையில் எது இணை என்று கேட்பார்.

சிலுப்பன் போன வருஷமும் எழுதியது. யானையின் தும்பிக்கைக்குக் குரங்குக் கதையில் எது இணை என்ற கேள்விக்கு, குரங்கின் கை என்று சொல்லாமல், குரங்கு மிதித்த பாம்பு என்றது. இரண்டும் நீளமாக வளைந்திருந்தனவே! காடு ஒரு மாதம் சிரித்தது.

"இந்த வருஷமும் பாம்புதானா, அண்ணே?" என்று கேட்டது, போட்டிக்கு வந்திருந்த கீரி.

"பாம்பே இல்லாத கதையாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன், தம்பி!" என்றது சிலுப்பன்.

முதல் மழை ஓய்ந்த மாலை. மான்களும் முயல்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தன. தவளைகள் காது கிழியக் கத்தின. ஆமையார் குரலை உயர்த்தினார்.

"சிலந்தி தன் வலையின் நூலில் காலை வைத்துக்கொண்டு தூங்கியது. நூல் அதிர்ந்தது. யாரோ வந்துவிட்டார்கள் என்று விழித்துக்கொண்டது. இது முதல் கதை. நாரை குளத்தில் கண்ணை மூடி நின்றது. மீன்கள் அதன் காலை உரசி விளையாடின. சட்டென்று மீன்கள் சிதறி ஓடின. முதலை வருகிறது என்று நாரை பறந்துவிட்டது. இது இரண்டாம் கதை. நூலுக்கு இணை எது? ஒன்று, நாரையின் கால். இரண்டு, முதலை. மூன்று, மீன்கள். நான்கு, குளம்."

சிலுப்பன் யோசித்தது. மீன் நாரைக்குச் சாப்பாடு. நூலைச் சிலந்தி தின்னுமா? தின்னாது. நூல் மெலிசு. நாரைக் காலும் மெலிசு! சந்தோஷமாக, தரையில் கீறியிருந்த ஒன்றாம் எண்ணில் கூழாங்கல்லை வைத்தது. கீரி மூன்றில் வைத்தது.

"மீன்களே சரி!" என்றார் ஆமையார்.

"எப்படி ஐயா? மீன் என்ன நூல் போலவா இருக்கிறது?" என்றது சிலுப்பன்.

"எப்படி இருந்தால் என்ன? நூல் சிலந்திக்குச் சேதி சொன்னது. மீன் நாரைக்குச் சேதி சொன்னது."

சிலுப்பன் தலையைத் தொங்கப்போட்டது. இன்னொரு மழைக்காலம் பள்ளத்தில்தான்! அப்போது தவளைகள் சட்டென்று அடங்கின.

"அப்பாடா, வாயை மூடின! இனி என் பெயரைச் சத்தமாக அறிவியுங்கள்" என்றது கீரி.

சிலுப்பனின் முட்கள் சிலிர்த்தன. நூல் அதிர்ந்தது, மீன் ஓடியது, தவளை...

"ஓடுங்கள்! யாரோ வருகிறார்கள்!" என்று சிலுப்பன் கத்தியது.

மான்களும் முயல்களும் பாய்ந்து ஓடின. கீரி புதருக்குள் புகுந்தது. ஆமையார் ஓட்டுக்குள் ஒடுங்கினார். நாணலை விலக்கிக்கொண்டு வந்த சிறுத்தை காலியான கரையையும், முட்களை விரித்து நின்ற சிலுப்பனையும் பார்த்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டது.

ஆமையார் மெல்லத் தலையை நீட்டினார். "கீரி, விடை தெரிந்த உனக்குத் தவளை அடங்கியது புரியவில்லையா?"

"எனக்கு எங்கே தெரியும், ஐயா! எந்தக் கேள்விக்கும் மூன்றாவதைத்தான் போடுவேன்" என்று உளறியது கீரி.

பொந்து சிலுப்பனுக்கே கிடைத்தது.

"கேள்வி சிறுத்தையாக வந்தால்தான் இந்த மண்டையில் ஏறுகிறது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது சிலுப்பன். மறுநாள் காவலுக்கு நின்றபோது ஒரு நாரை வந்து இறங்கியது. சிலுப்பன் அதன் காலைப் பார்த்தது. இன்னமும் அது நூல் போலத்தான் இருந்தது.

எது எதைப் போல இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே அறிவு.