மேலே ஒன்று, கீழே ஒன்று

ஆற்றங்கரைக் கோரையை வெட்டிப் பாய் நெய்து பிழைத்தவை பதினொரு குடும்பங்கள். மிராசுதார் சபாபதி கரைக்கு வேலி போட்டு, கதவில் 73488437 என்று பொறித்தார். பெரிய மனிதர்கள் எண்ணில்கூடத் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

நியாயம் கேட்கப் போனவள், சங்கத்து வாசகசாலையில் கணக்குப் படித்த மைமூன். ஊர் திரண்டு நின்றது. சபாபதி கதவிலிருந்த எண்ணைத் தட்டிக் காட்டினார்.

"இந்த எண் என்னை மாதிரி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒண்ணுதான். பங்கு போட முடியாது. இரண்டிலிருந்து பத்து வரைக்கும் வகுத்துப் பார்த்தாச்சு. நீ மீதியில்லாமப் பங்கு போடு, கரையை அத்தனை பங்காப் பிரிச்சுத் தர்றேன்."

மைமூன் பாயில் கோரை நுழைப்பதுபோல் விரலை ஓட்டினாள். ஓர் இலக்கம் மேலே, அடுத்தது கீழே. மேலே ஏழு, நாலு, எட்டு, மூன்று. கீழே மூன்று, எட்டு, நாலு, ஏழு. இரண்டு பக்கமும் இருபத்திரண்டு.

"மேலும் கீழும் சமமா இருந்தா, பதினொண்ணுல மீதியில்லாமப் போகும் முதலாளி."

கணக்குப்பிள்ளை வகுத்தார். 6680767 வந்தது. மீதி இல்லை. ஊர் சிரித்தது.

"பத்தோட ஏன் முதலாளி நிறுத்துனீங்க? பதினோராவது வீடு என்னோடது."

அன்று மாலையே பதினொரு வீட்டாரும் வேலியைப் பிடுங்கினார்கள். கதவை மட்டும் விட்டுவைத்தார்கள். எண் நல்ல எண்.