எக்மோர் மழையின் உச்சி

மெட்ராஸில் ‘மான்சூன் மோட்டார்’ என்று ஒரு ராக் இசைக்குழு இருந்தது. தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு, கல்லூரி விழாக்களில் காது கிழிய வாசித்துத் திரிந்த கூட்டம். இப்போது எல்லாருக்கும் முடி கொட்டிவிட்டது. ஓர் இசைக் கம்பெனி இவர்களுடைய பாட்டுகளையெல்லாம் ஒரே தொகுப்பாகப் போடுவதாகவும், கூடவே ஊர் ஊராகக் கச்சேரி வைப்பதாகவும் சொன்னது. முறைத்துக்கொண்டு போனவர்கள்கூட வேப்பேரியில் ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிதார் வாசிக்கிறவர் ஹமீது பாய். முதலில் பாடியவன் நீலமேகம். அவனுக்குப் பின்னால் வந்து பாடியவன் கிளமென்ட். இது கிளமென்ட்டின் வயிற்றெரிச்சலைப் பற்றிய கதை.

குழுவின் பேர்போன பாட்டு ‘எக்மோர் மழை’. கடைசி அடியில் குரல் ஓர் உச்சிக்கு ஏறும். கேட்பவனுக்கு மயிர் கூச்செறியும். அதைப் பதிவு செய்த கோடையில் மின்சாரம் சோகை பிடித்து வந்தது. ஸ்டூடியோ மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். இசைத்தட்டு வெளிவந்ததும் நீலமேகமே, “நானாடா இது?” என்றான். எல்லாரும் முதுகில் தட்டினார்கள். நம்பிவிட்டான்.

மேடையில்தான் வினை. பதிவன்று சுருதியைச் சரியாகப் பார்க்கவில்லை போலும் என்று நினைத்து, இசைத்தட்டோடு ஒத்துப்போக கிதார் கம்பிகளை முறுக்கி ஏற்றினார்கள். ஹமீது பாயின் மவுத் ஆர்கனில் முறுக்க ஒன்றுமில்லை, சேரவில்லை. ஈரத்தில் கெட்டுவிட்டது என்று பெட்டியில் போட்டார். நீலமேகத்தின் தொண்டையும் சேரவில்லை. உச்சியில் உடைந்தது. ஒரு கல்லூரியில் பையன்கள் நாய்போல ஊளையிட்டுக் காட்டினார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். எழுதியது யாரானாலும், பாடியவனுக்குத்தான் பாட்டு. அவனாகக் கைமாற்றிக் கொடுத்தால் ஒழிய இன்னொருவன் தொடக்கூடாது. நீலமேகம் மைக்கைக் கிளமென்ட் கையில் வைத்தான்.

“என் தொண்டை போச்சுடா. இனி இது உன்னுது.”

அதோடு பாடுவதையே விட்டான். மாதவரத்தில் டயர் கடை போட்டான். குளிக்கும்போதுகூட முணுமுணுக்கவில்லை.

கிளமென்ட் உச்சியைப் பிடித்தான். மேடைக்கு மேடை, வருஷக்கணக்காக. என்ன பிரயோஜனம்? இறங்கி வந்தால் எவனாவது கையைப் பிடித்துக்கொண்டு, “ரெக்கார்டுல பாடினவர் நீங்களா சார்?” என்பான். இல்லை என்றதும் அவன் முகம் விழும். அன்றைக்குக் கிளமென்ட்டுக்குச் சோறு இறங்காது.

தொகுப்பிலும் முதல் பாட்டு அதுதான். நீலமேகத்தின் குரல். அட்டையிலும் நீலமேகத்தின் படம். கிளமென்ட்டின் பேர் உள்ளே எங்கோ, கூட்டத்தோடு கூட்டமாக.

பழைய டேப்புகளைக் கேட்டுப் பார்க்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. பொழுது போகாமல் ஹமீது பாயின் பழைய மவுத் ஆர்கனை எடுத்து, ஓடுகிற பாட்டோடு சேர்த்து ஊதினான். எல்லாப் பாட்டோடும் கச்சிதமாகச் சேர்ந்தது. எக்மோர் மழையில் மட்டும் டேப் ஒரு படி மேலே நின்றது. புரிந்துவிட்டது. பதிவன்று கரெண்டு போதாமல் மெஷின் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கிறது. பிறகு சரியான வேகத்தில் ஓட்டியதும் பாட்டு மொத்தமும் மேலே ஏறிவிட்டது. கிளமென்ட் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

அடுத்த ஒத்திகையில், நீலமேகமும் உட்கார்ந்திருக்க, அந்த டேப் ஓடியது. டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு, “என்னா உச்சிடா! இப்படிப் பாட இன்னைக்கு எவன் இருக்கான்?” என்றார். அவ்வளவுதான்.

“இவன் பாடவே இல்லடா!” கிளமென்ட் எழுந்துவிட்டான். “மெஷின் பாடிச்சு. கரெண்டு பாடிச்சு. கேளுங்க!” விவரத்தைக் கொட்டி, மவுத் ஆர்கனை ஊதியும் காட்டினான்.

ஹமீது பாய் டேப்பின் வேகத்தைக் குறைத்துப் போட்டார். இரண்டும் சேர்ந்தன. இறங்கிய, கனத்த, அழகான ஒரு குரல் கேட்டது.

நீலமேகத்தின் முகம் கறுக்கும் என்று கிளமென்ட் பார்த்துக்கொண்டிருந்தான். நீலமேகம் மெல்லக் கேட்டான்:

“அப்போ என் தொண்டை கெடவே இல்லையா பாய்?”

“இல்லடா.”

“ஊளை வாங்கினது சும்மாவா?”

பாய் டேப்பை நிறுத்தினார். நீலமேகம் கையை நீட்டினான். “குடு கிளமென்ட். என் பாட்டைக் குடு.”

“குடுத்தது குடுத்ததுதான்டா! நீ டயர் மாத்திக்கிட்டு இருந்தப்போ அதைத் தூக்கிச் சுமந்தவன் நான். ஜனங்களுக்குத் தெரிஞ்சது அந்த உச்சி. உன்னால ஆகுமா?”

“ரெண்டு பேரும் வேணாம்” என்றார் ஹமீது பாய். “எழுதினவன் நான். டேப்பைப் போட்டுட்டு நான் வாசிச்சுக்கிறேன்.”

மேடையில் அந்தப் பாட்டுக்கு இடம் ஒன்று. மைக்கும் ஒன்று. எழுதியவருக்கா, தவறாக நினைத்துக் கொடுத்தவனுக்கா, வாங்கிக் காப்பாற்றியவனுக்கா? பாட்டு யாரைச் சேர வேண்டும்?

விடை: நீலமேகத்தை. பாடியவனுக்குத்தான் பாட்டு என்ற வழக்கத்துக்கு ஹமீது பாயும் கட்டுப்பட்டவர். இப்போது மாற்றிப் பேசக்கூடாது. தொண்டை போனது என்று நம்பிக் கொடுத்தான் நீலமேகம், போகவில்லை. இல்லாததை நம்பிக் கொடுத்தது, எத்தனை வருஷம் ஆனாலும் திரும்பத்தான் வேண்டும். இறங்கிய சுருதியில் அவனே பாடட்டும். கிளமென்ட்டுக்கு என்ன என்பீர்கள். அந்த உச்சியில் மனிதத் தொண்டை ஒன்று நின்றது என்றால் அது கிளமென்ட்டுடையதுதான். வேறு எவனும் அங்கே போனதில்லை. அதை எல்லார் முன்னாலும் நிரூபித்தவனும் அவனேதான். எவனை அண்ணாந்து பார்த்து இத்தனை காலம் எரிந்தானோ, அவன் அங்கே இருந்ததே இல்லை. பாவி, அது மட்டும் அவனுக்கு உறைக்கவில்லை.