பெண் கேட்டு வந்த கிடா

மலையுச்சிக் குடிசையில் வாழ்ந்த பூங்காவனத்தம்மைக்கு ஒரே ஒரு சீடர். பெயர் வேதமுத்து. குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், முன்கோபி, பழைய வேட்டைக்காரர். அந்த மலையின் வரையாடுகளைச் சுட்டுச் சுட்டு ஒன்பதாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஒருநாள் துப்பாக்கியைப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்து, "இனிமே இதுங்களுக்கு நான் காவல்" என்று நின்றார். அம்மை எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் கஞ்சி ஊற்றினார்.

பதினைந்து வருடத்தில் ஒன்பது எண்பதாயிற்று. ஒவ்வொன்றுக்கும் வேதமுத்து பெயர் வைத்திருந்தார். ஆனால் இந்தத் தையில் பிறந்த இருபது குட்டிகளில் பன்னிரண்டு, கால் ஊன்றி நிற்க முடியாமலே செத்தன. அவற்றைப் புதைத்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடிச் சாரலில் நனைந்தபடி வந்து கேட்டார்.

"துப்பாக்கிச் சத்தம் இல்ல. புல்லுக்கும் குறைச்சல் இல்ல. அப்புறம் ஏம்மா குட்டிங்க சாகுது? நான் பண்ணின பாவமா?"

"நேத்து என்ன பண்ணினீங்க?"

வேதமுத்துவின் முகம் மலர்ந்தது. "எதிர்மலையிலேர்ந்து ஒரு கிடா வந்துச்சும்மா. தேயிலைத் தோட்டம், ரோடு எல்லாம் தாண்டி. கவண்கல்லால அடிச்சு விரட்டிட்டேன். வருஷா வருஷம் இந்த மழைக்கு ஒண்ணு வரும். ஒண்ணைக்கூட நம்ம கூட்டத்துக்கிட்ட அண்ட விட்டதில்ல."

அம்மை எழுந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வேதமுத்து கதவைத் தட்டினார். "அம்மா, நான்தான்."

"எந்த ஊரு?"

"என்னம்மா விளையாட்டு? எதிர்மலை அடிவாரம்."

"அந்தப் பக்கத்து ஆளுக்கு இங்க என்ன வேலை?"

மழை வலுத்தது. வேதமுத்துவுக்கு முதலில் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

கதவு திறந்தது. அம்மையின் ஒரு கையில் துண்டு, மறு கையில் கஞ்சி.

"எண்பதும் அந்த ஒன்பதோட வம்சம்தானே? எல்லாம் அண்ணன் தங்கச்சி. யாருக்கு யாரைக் கட்டிவைப்பீங்க?"

வேதமுத்து வாசலிலேயே உட்கார்ந்தார். "பெத்த பிள்ளைங்க மாதிரி பார்த்துக்கிட்டேனேம்மா" என்று அழுதுவிட்டார்.

"அது எனக்குத் தெரியாதா?" அம்மை அவர் தலையைத் துவட்டிவிட்டார்.

"கல்லடி பட்ட கிடா இனிமே வருமா?"

"சுட்டவரு நீங்களே வந்துட்டீங்க. பொண்ணு கேட்டு வந்தவன் வராமலா போயிடுவான்? கஞ்சியக் குடிங்க."