ஆமென் சொல்லும்வரை

சின்னக் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு வருஷா வருஷம் நடக்கும் கூடைப்பந்துப் போட்டி அது. மலையூர்க் கல்லூரி அட்டெண்டர் எமீமாள் பந்துப் பையோடு முன்னாலேயே வந்துவிட்டாள். ஆடவேண்டிய பிள்ளைகளின் வேன் வழியில் பஞ்சராகி நிற்கிறதென்று போன் வந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் களத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

போட்டிச் செயலாளர் ஞானசிகாமணி கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பத்து மணிக்கு ஜெபம். அது முடிஞ்சதும் அஞ்சு பேர் களத்துல நிக்கணும். இல்லேன்னா தோத்ததா எழுதிருவேன்."

"சரிங்கய்யா. ஆனா ஜெபத்தை நீங்கதான் பண்ணணும். உங்களை மாதிரி உருக்கமா வேற யாரு ஜெபிப்பா?"

அவர் நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணை மூடி ஆதாமில் தொடங்கினார். நோவா பேழையைவிட்டு இறங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. மோசே செங்கடலைக் கடக்கையில் வேன் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் ஓடிவந்து களத்தில் நின்று, மூச்சு வாங்கக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஆமென்" என்று கண் திறந்தவர் திடுக்கிட்டார். "மணி பத்தே முக்கால்! இவங்க லேட்டு. ஆட விடமாட்டேன்!"

"ஜெபம் முடியறப்ப நின்னாங்களேய்யா. நேரம் கூடிப்போச்சுன்னா, ஜெபத்துல எந்த வார்த்தை அதிகம்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள் எமீமாள்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசிலை ஊதினார்.