வடக்கே திரும்பிய முகங்கள்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது, குழந்தைகளே! அந்தக் கூட்டத்துக்கு ராஜாவும் இல்லை, மந்திரியும் இல்லை. வெயில் தாழ்ந்ததும் எருமைகள் எழுந்து நிற்கும். எந்தப் பக்கம் போக விருப்பமோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். அதிக முகங்கள் பார்த்த பக்கம் கூட்டமே போகும். அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் இளசுகள் மட்டும் எழுவதே இல்லை. "நாம் எழுந்து என்ன ஆகப்போகிறது? நம்மை யார் பார்க்கிறார்கள்?" என்று படுத்தபடி அசைபோடும். வெண்காலி என்ற கிடாரியும் அப்படித்தான்.

ஒரு கோடையில் மேற்கு ஓடையோரம் மேய்ந்த வெண்காலிக்குப் புலி வாடை அடித்தது. அதன் தம்பிக் கன்றுக்கு இன்னும் கொம்புகூட முளைக்கவில்லை. புலி வந்தால் முதலில் அவன்தானே அகப்படுவான்?

ஓடோடிப்போய் மூத்த கடாவிடம் சொன்னது.

"சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுப்பூனையும் புலிதான்! போ, போய் மேய்" என்று சிரித்தது கடா.

மாலை வந்தது. பெரிய எருமைகளில் சில வடக்கே மலைச்சுனையைப் பார்த்தன. இன்னும் கொஞ்சம் அதிகமானவை மேற்கு ஓடையைப் பார்த்தன. வெண்காலி பதைபதைத்து எழப் போனது.

புலி தின்ற மிச்சத்தில் வயிறு வளர்க்கும் நரி ஒன்று புதரிலிருந்து ஓடி வந்தது.

"படு கண்ணு, படு! நீ எழுந்தால் என்ன, படுத்தால் என்ன? எல்லாம் ஒன்றுதான்!"

"முயன்றுதான் பார்க்கிறேனே."

"ஐயையோ, வேண்டாம்! கால் வலிக்கும். உன் தோழர்கள் கேலி செய்வார்கள். சொன்னால் கேள்!"

வெண்காலி நரியை உற்றுப் பார்த்தது. "எல்லாம் ஒன்றுதான் என்றால், நான் படுத்தே கிடக்க நீ ஏன் இந்தப் பாடு படுகிறாய்?"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு புதருக்குள் நழுவியது. கேட்டுக்கொண்டிருந்த இளசுகள் ஒன்றை ஒன்று பார்த்தன.

வெண்காலி எழுந்து வடக்கே முகம் திருப்பியது. அதன் பக்கத்தில் ஒன்று எழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இளசுகள் அத்தனையும்!

மூத்த கடா திரும்பிப் பார்த்தது. "அம்மாடி! இத்தனை பேரா நீங்கள்!" என்று மலைத்து நின்றது. பிறகு தன் பெரிய தலையை மெல்ல வடக்கே திருப்பியது.

யாரும் உத்தரவிடவில்லை. யாரும் யாரையும் முட்டவில்லை. கருமேகம் நகர்வதுபோல் கூட்டம் முழுவதும் வடக்கே அசைந்தது. தரை அதிர்ந்தது. வெண்காலிக்கு உடம்பு சிலிர்த்தது. 'இவ்வளவு பெரிய கூட்டத்தைத் திருப்பியதில் என் முகமும் ஒன்றா!' என்று வியந்துகொண்டே தம்பியை முன்னே தள்ளி நடந்தது.

மேற்கே, ஓடைப் புதருக்குள், பசியோடு ஒரு புலி உறுமியது.

நீதி: உன் ஒருவனால் என்ன ஆகும் என்று சொல்லி உன்னை உட்காரவைப்பவனுக்குத்தான், நீ எழுந்தால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும்.