கோட்டுக்கு இரண்டு விரல் மேலே

சீனப் பெருஞ்சுவரின் அந்த வாசலில் பிள்ளைகளின் வயதை யாரும் கேட்பதில்லை. டிக்கெட் கவுண்டரில் உயரம் பார்க்கப் போட்ட கோட்டோடு நிறுத்திப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். திருப்பூர்த் தையல்காரி செண்பகத்தின் ஏழு வயது மகள் இதழினி கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றாள்.

"இது குழந்தை இல்லம்மா, பெரிய ஆள். முழு டிக்கெட் எடு, இல்லேன்னா வெளியே நில்லு" என்றார் மலிவுச் சுற்றுலாவை நடத்திவந்த தணிகாசலம்.

எடுக்கக் கையில் ஏது? முந்தைய மூன்று ஊர்களிலும் இதே கதைதான். சீட்டுக் கட்டிச் சீனா வந்தவள் இதுவரை பார்த்ததெல்லாம் வாசல்கள்.

"விடு புள்ள, வெளியவே உக்காந்துக்கலாம்" என்றான், கைக்குழந்தையைச் சுமந்து களைத்துப்போன கணவன்.

செண்பகம் விடவில்லை. "ஒத்துக்கறேனுங்க சார், பெரிய ஆளேதான். பெரிய ஆளுக்கு ரயில்ல தனிப் படுக்கைன்னு உங்க நோட்டீஸ்ல இருக்குதுங்களே? குழந்தைக்கு எதுக்குப் படுக்கைன்னு சொல்லி ஆறு ராத்திரியா இவள என் கால்மாட்டுல சுருட்டிப் போட்டீங்க. இன்னிக்கு உங்க படுக்கைய இவளுக்கு விட்டுட்டு, நீங்க கொஞ்சம் சுருண்டு படுத்துப் பாருங்க."

"அதானே! எங்க பையனுக்கும் அதைத்தானே சொன்னீங்க?" என்று பின்னால் நின்ற சக பயணிகளும் கிளம்பினார்கள்.

தணிகாசலம் தன் காசிலேயே போய் டிக்கெட் வாங்கிவந்தார்.

இதழினி படிகளில் ஏறி ஓடினாள். செண்பகம் முதல் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு வாசலைத் தாண்டவே இத்தனை மூச்சு போய்விட்டது. இன்னும் நாலு ஊர் பாக்கி.