செங்கமலத்தம்மாவின் கடைவாய்ப்பல்

"டிரில்லுல வர்ற தண்ணியை அடைச்சுட்டுப் பல்லைக் குடையலாமா, டாக்டர்?" என்று கேட்டார் சற்குணம்.

சற்குணத்துக்கு நாற்பத்தெட்டு வயது. படித்த பல் வைத்தியத்தை இருபது வருஷம் விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். அவருக்குக் கற்றுத்தரும் நிலோஃபர் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"ஏன் சார்?"

"அந்த அம்மா அழறாங்க. சின்ன வயசுல வெள்ளத்துல அடிச்சுட்டுப் போனவங்களாம். வாய்க்குள்ள தண்ணி பீச்சினா மூச்சு முட்டுதாம். ரெண்டே நிமிஷ வேலை. மரத்துப்போக ஊசியும் போட்டாச்சு. சூடு தெரியாது."

உள்ளே செங்கமலத்தம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

நிலோஃபர் அலமாரியைத் திறந்தார். என்றோ பிடுங்கிய பல் ஒன்றை எடுத்து வந்து சற்குணத்தின் கையில் வைத்தார்.

"இதைக் குடைங்க. தண்ணி வேண்டாம்."

சற்குணம் பல்லை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு டிரில்லை வைத்தார்.

தீய்ந்த நாற்றம் வந்தது. மெல்லப் புகைந்தது.

வெடுக்கென்று பல்லைக் கீழே போட்டார்.

"ஏன் போட்டுட்டீங்க?"

"சுட்டுடுச்சு."

"அவங்க எங்கே போடுவாங்க?"

சற்குணம் தரையில் கிடந்த பல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி போட்ட பல் வலியே தெரியாமல் உள்ளே வெந்துபோயிருக்கும். அந்த அம்மாவும் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

"அப்போ அவங்க பயத்துக்கு என்ன பண்றது?"

"அது உங்க கையில இருக்கு" என்றார் நிலோஃபர்.

சற்குணம் உள்ளே போனார். நாற்காலியை நிமிர்த்தினார்.

"தண்ணி வரும்மா. இல்லேன்னா பல்லு வெந்துடும். நீங்க கையைத் தூக்கினா அந்த நொடியே நிறுத்திடுவேன்."

"நெசமாவா?"

"தூக்கிப் பாருங்க."

சாரல் பட்டதுமே கை உயர்ந்தது. நிறுத்தினார்.

மறுபடி ஆரம்பித்தார். மறுபடி கை. நிறுத்தினார்.

வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ரெண்டு நிமிஷ வேலை அரைமணியைத் தாண்டிவிட்டது. ஒருமுறைகூட அவர், "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லவில்லை.

அப்புறம் வெகுநேரம் கை எழவில்லை.

திடீரென்று எழுந்தது. நிறுத்தினார்.

"பயமா இருக்காம்மா?"

இல்லை என்று தலையசைத்தார் செங்கமலத்தம்மா. கழுத்தில் போட்டிருந்த துண்டின் நுனியை எடுத்து, சாரல் தெறித்து மங்கியிருந்த சற்குணத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

பிறகு தானே வாயைத் திறந்தார்.